நோயாளிகள் தலைவர்களான வரலாறு: மாட்டுங்கா முதல் முலுண்ட் வரை

மும்பையில் நோயாளிகள் ஒன்றுதிரண்டு தங்கள் நோயைப் பற்றித் தாங்களே பேசும் வழக்கம் பழையதல்ல. 1980கள் வரை அவர்களுக்காக மருத்துவர்கள் பேசினார்கள், அறக்கட்டளைகள் பேசின, நோயாளி குழந்தையானால் பெற்றோர் பேசினார்கள். தொழுநோய், எச்.ஐ.வி., புற்றுநோய், காசநோய் ஆகியவற்றைச் சுற்றி எழுந்த அமைப்புகள்தான் இந்த நிலையை மாற்றின. ஒரு நோய்க்காரர்கள் கற்றதை அடுத்த நோய்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். சென்னையில் கற்றது மும்பைக்கும், கேப் டவுனில் கற்றது இங்கேயும் வந்து சேர்ந்தது. இப்படி முன்னுக்கு வந்தவர்களில் பலர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள். இளம் தலைவர்களை உருவாக்க வேண்டும் என்று திட்டம் போட்டு யாரும் இதைச் செய்யவில்லை. அதற்கான பயிற்சித் திட்டங்கள் வந்தது மிகப் பிந்தித்தான்.

இந்த வரலாற்றில் முலுண்டுக்கு ஓர் எதிர்பாராத இடம் உண்டு. மும்பை மாநகராட்சியின் வடகிழக்கு எல்லை அது. செக்நாக்காவைத் தாண்டினால் தாணே. 1920களில் கிரவுன் அண்ட் கார்ட்டர் என்ற கட்டடக்கலை நிறுவனம் வகுத்த நேர்த்தெருக்களும் ஐந்து சாலைகள் கூடும் பாஞ்ச் ரஸ்தாவும் இன்றும் ஊரின் நடுவே இருக்கின்றன. பிரிவினைக்குப் பிறகு சிந்தி, பஞ்சாபி அகதிகள் முலுண்ட் காலனியில் குடியேறினார்கள். மாட்டுங்காவில் இடமும் வாடகையும் கைக்கு எட்டாமல் போனபோது தமிழ்க் குடும்பங்கள் செம்பூருக்கும், அங்கிருந்து முலுண்ட், தாணே, டோம்பிவிலிக்கும் நகர்ந்தன. லால் பகதூர் சாஸ்திரி சாலையோரம் மருந்துக் கம்பெனிகள் வந்தன. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் ஆலை 1950களின் இறுதியில் இங்கேதான் எழுந்தது. ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் நிறுவனமும் இங்கே ஓர் ஆராய்ச்சி மையம் வைத்திருந்தது. சேலம் வட்டாரத்தில் மருந்துக்கூர்க்கன் என்று பயிரிடும் செடியிலிருந்து ஃபோர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து உலகுக்கு அறிவித்தவர்கள் அந்த மையத்து ஆய்வாளர்கள்.

ஆக, மருந்து செய்பவர்களும் மருந்து தேவைப்படுபவர்களும் ஒரே ஊரில் அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். நோயாளிக்கு எல்லை என்பது செக்நாக்காவிலேயே தொடங்கிவிடுகிறது. காசநோய்த் திட்டத்தில் வார்டு மாறினால் பதிவு மாறும், மாநகராட்சி மாறினால் மாத்திரை தரும் மையமே மாறும். முலுண்டில் இருப்பவருக்கு நோய் சிக்கலாகி சிவ்ரி காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், லோக்கலில் ஏறி, குர்லாவில் இறங்கி, ஹார்பர் லைனுக்கு மாறிப் போக வேண்டும். ஊசி மருந்து வழக்கில் இருந்த ஆண்டுகளில், தினமும் ஊசி போட்டுக்கொண்ட உடம்போடு செய்ய வேண்டியிருந்த பயணம் அது.

கதையின் பழைய முனை மாட்டுங்காவில் இருக்கிறது. 1890இல் மாநகராட்சி ஆணையர் எச்.ஏ. ஆக்வர்த்தின் முயற்சியில் அங்கே வீடற்ற தொழுநோயாளிகளுக்கு ஒரு காப்பகம் திறக்கப்பட்டது. இன்றைக்கு அது வடாலா எல்லைக்குள் வரும் ஆக்வர்த் மருத்துவமனை. தெருவில் பிச்சையெடுத்த நோயாளிகளை நகரத்தின் கண்ணிலிருந்து அகற்றுவதும் அவர்களுக்குச் சோறும் கூரையும் தருவதும் ஒரே ஏற்பாட்டில் நடந்தன. 1898இல் வந்த தொழுநோயாளர் சட்டம், ஆதரவற்ற தொழுநோயாளியைப் பிடியாணை இல்லாமலே போலீஸ் பிடித்துச் செல்ல அனுமதித்தது. அந்தச் சட்டம் நாட்டளவில் நீக்கப்பட்டது 2016இல்தான். பிடித்து அடைக்கப்பட்டவரிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் எந்த ஊரிலும் இருந்ததில்லை, மாட்டுங்காவிலும் இல்லை.

காப்பகத்தை விட்டு நோயாளியின் வீட்டுக்கே மருத்துவம் போக வேண்டும் என்று வாதாடியவர்களில் ஒருவர் டாக்டர் ஆர். கணபதி. அவர் 1976இல் தொடங்கிய பம்பாய் தொழுநோய்த் திட்டம் சயான்-சுனாபட்டியை மையமாகக் கொண்டு தாராவி போன்ற குடிசைப் பகுதிகளில் வேலை செய்தது. தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த தாராவியில் தமிழ் பேசும் மருத்துவரால் ஆகும் காரியம் நிறைய இருந்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்த கூட்டு மருந்து முறை வந்ததும் தொழுநோய் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ குணமாகும் நோயாயிற்று. ஆனால் நோயாளி இப்போதும் சிகிச்சை பெறுபவர்தான், பேசுபவர் ஆகவில்லை.

பேசும் நோயாளி தமிழ்நாட்டிலிருந்து வந்தார். இளம் வயதில் தொழுநோய் கண்டு, குணமாகி, சமூகப்பணி படித்த பி.கே. கோபால், கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையின் திரு இருதயத் தொழுநோய் மையத்தில் நீண்டகாலம் வேலை செய்தவர். 1994இல் பிரேசிலின் பெட்ரோபொலிஸ் நகரில், தொழுநோய் கண்டவர்கள் தாங்களே சேர்ந்து 'ஐடியா' என்ற பன்னாட்டு அமைப்பைத் தொடங்கியபோது அதன் நிறுவனர்களில் அவரும் ஒருவர். பிரேசிலில் 1981 முதலே இயங்கிவந்த மொர்ஹான் இயக்கத்தாரும், ஹவாய்த் தீவுகளின் கலவுபாபாவில் வாழ்நாளெல்லாம் ஒதுக்கிவைக்கப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். வேறு வேறு மொழி, வேறு வேறு சட்டம். ஆனால் கலவுபாபாவிலும் மாட்டுங்காவிலும் ஒரே அனுபவம். 2005 டிசம்பரில் டெல்லியில் இந்தியா முழுவதிலுமிருந்து தொழுநோய்க் காலனிகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். அதில் பிறந்த தேசிய அமைப்பை வளர்த்ததிலும் கோபாலுக்கு முதன்மையான பங்கு உண்டு. 2010இல் ஐ.நா. பொதுச்சபை தொழுநோயாளருக்கு எதிரான பாகுபாட்டைக் களையும் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2012இல் கோபாலுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

தொழுநோய் இயக்கம் ஓரிடத்தில் தேங்கியது. காலனித் தலைவர்கள் வயதானவர்கள். அடுத்த தலைமுறைக்கு நோய் வரவில்லை, காலனியின் முகவரி மட்டும் வந்தது. கல்யாணப் பேச்சிலும் வேலை கேட்கும் இடத்திலும் அந்த முகவரியே எதிரே வந்து நின்றது. நோயாளியாக இல்லாத பிள்ளைகளை நோயாளர் அமைப்பின் தலைமைக்கு அழைப்பது எளிதல்ல; அவர்களில் படித்தவர்கள் முதலில் செய்ய விரும்பியது காலனியை விட்டு வெளியேறுவதைத்தான். அதில் குறைசொல்ல ஏதுமில்லை.

எச்.ஐ.வி. அமைப்புகளின் கதை இதற்கு நேரெதிர். 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பனும் சென்னையில் எச்.ஐ.வி. தொற்றை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1983இல், அமெரிக்காவின் டென்வர் நகரில் எய்ட்ஸ் நோயாளிகள் ஒரு மருத்துவ மாநாட்டின் மேடையேறி, தங்களைப் பற்றிய ஒவ்வொரு முடிவிலும் தங்களுக்கு இடம் வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். 1994இல் கோலாலம்பூரில் ஆசிய பசிபிக் அளவிலான தொற்றாளர் அமைப்பு உருவானது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று பாரிஸில் கூடிய 42 நாடுகள், தொற்றாளர்களைக் கொள்கை வகுப்பதில் சேர்த்துக்கொள்வதாகக் கையெழுத்திட்டன. 1997இல் சென்னையில் இந்திய அளவிலான தொற்றாளர் அமைப்பு தொடங்கியது. அதன் முகமாக அறியப்பட்ட அசோக் பிள்ளை 2002இல் இறந்துபோனார். 1998இல் பெண்களுக்கென்று தனி அமைப்பைச் சென்னையில் தொடங்கியவர்களுக்குத் தலைமை தாங்கிய நாமக்கல் பி. கௌசல்யா அப்போது இருபதுகளில் இருந்தார். கணவன் வழியாக வந்த தொற்று அவருக்கு.

இளம் தலைவர்கள் உருவானதன் முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. மருந்து கிடைக்காத அந்த ஆண்டுகளில் எச்.ஐ.வி. அமைப்பின் தலைவர் எவரும் நெடுநாள் இருப்பார் என்று நம்ப முடியவில்லை. கணக்குப் புத்தகம், நன்கொடையாளரின் கடிதம், மாவட்டக் கூட்டங்களின் பட்டியல் எல்லாவற்றையும் இன்னொருவருக்குச் சொல்லி வைக்க வேண்டியிருந்தது. மேடையில் பேசத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் அமைப்பு அவரோடு போய்விடும். அதனால் பேசப் பழக்குவது, கூட்டம் நடத்தப் பழக்குவது, மருத்துவரிடம் கேள்வி கேட்கப் பழக்குவது எல்லாம் அன்றாட வேலையாயின. மற்ற சங்கங்களில் வாரிசு என்பது மூத்தவர் மனம்வைத்தால் நடக்கிற காரியம். இங்கே மூத்தவர் மனம்வைக்கும்வரை மரணம் காத்திருக்கவில்லை. 2004 ஏப்ரல் 1 முதல் தாம்பரம், மும்பையின் ஜே.ஜே. உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகே இந்த அவசரம் தணிந்தது. அதற்குள் ஒரு தலைமுறை தயாராகிவிட்டது.

மும்பை இதே காலத்தில் வேறொன்றைச் சேர்த்தது. 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம், ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தவருக்கு எச்.ஐ.வி. தொற்றைக் காரணம் காட்டி வேலை மறுத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் தம் பெயரை வெளியிடாமல் எழுத்துக் குறியீட்டால் வழக்காட நீதிமன்றம் அனுமதித்தது. பெயரை மறைத்துக்கொண்டும் உரிமை கேட்கலாம் என்பது பலருக்குத் துணிவு தந்தது. 

முலுண்டின் கட்ச்சி, லோஹாணா, சிந்திக் குடும்பங்களிடையே சற்று அதிகமாகக் காணப்படும் தலசீமியாவும் இங்கே ஒரு வரி பெற வேண்டும். மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டிய அந்தக் குழந்தைகளுக்காக ரத்ததான முகாம்கள் நடத்தியதும் அரசிடம் போனதும் பெற்றோர்தான். சைப்ரஸில் தலைமையகம் கொண்ட உலகத் தலசீமியா கூட்டமைப்பும் 1986இல் பெற்றோரும் நோயாளிகளும் சேர்ந்து தொடங்கியதே. உடலில் சேரும் இரும்பை ஊசியில்லாமல் வாய்வழி மாத்திரையால் அகற்றும் மருந்தை மும்பையின் சிப்லா நிறுவனம் 1990களின் நடுவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மருந்தும் ரத்தமும் ஒழுங்காகக் கிடைத்த குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள். பெற்றோர் உட்கார்ந்த நாற்காலியில் பிறகு அவர்களே உட்கார்ந்தார்கள்.

காசநோயில் நிலைமை இதற்கெல்லாம் பின்தங்கி இருந்தது. அதன் காரணத்தில் சென்னைக்கும் பங்குண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், பிரிட்டனின் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸின் தலைமையில் ஓர் ஒப்பீட்டு ஆய்வு நடத்தியது. சானடோரியத்தில் படுக்கவைத்துத் தரும் மருந்தும் குடிசையில் இருந்தபடி சாப்பிடும் மருந்தும் ஏறத்தாழ ஒரே பலனைத் தரும் என்று 1959இல் வெளியான அதன் முடிவு காட்டியது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட அது ஒரு பெரிய காரணம். ஆனால் வீட்டில் இருப்பவர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்ற சந்தேகமும் அங்கேயே பிறந்தது. கண்முன்னே மாத்திரை விழுங்க வைக்கும் முறைக்கு அந்தச் சந்தேகமே வித்து. இந்தியாவில் 1997 முதல் விரிந்த 'டாட்ஸ்' முறையில் நோயாளி வாரத்துக்கு மூன்று நாள் மையத்துக்கு வந்து, ஊழியர் பார்த்திருக்க மாத்திரை போட வேண்டியிருந்தது. கூலிவேலைக்காரருக்கு அரைநாள் சம்பளம் போயிற்று. நோயாளி கண்காணிக்கப்பட வேண்டியவர் என்று முடிவுசெய்துவிட்ட ஏற்பாட்டுக்கு, அவரிடம் யோசனை கேட்கத் தோன்றவில்லை.

இன்னொரு காரணம் நோயின் தன்மையிலேயே இருந்தது. எச்.ஐ.வி. வாழ்நாள் முழுவதும் கூட இருப்பது. அதனால் அமைப்பும் கூட இருக்கும். காசநோய் ஆறு மாதத்தில் குணமாகும். குணமானவர் சிகிச்சை அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு மறக்கவே விரும்புவார். மணவயதுப் பெண் என்றால் வீட்டாரே மறக்கடிப்பார்கள். இப்படி மறைந்துபோக முடியாதவர்கள் ஒரு சாரார் இருந்தார்கள்: மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்து, அதற்கான ஊசியால் காது கேட்காமல் போனவர்கள். காசநோய் இயக்கத்தின் இளம் தலைவர்கள் அவர்களிடையிலிருந்து வந்தது தற்செயல் அல்ல.

2011 டிசம்பரில் மாஹிம் இந்துஜா மருத்துவமனையின் டாக்டர் ஜரீர் உத்வாடியாவும் உடன் பணியாற்றியவர்களும், கைவசம் இருந்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோயாளிகள் நால்வரைப் பற்றி எழுதினார்கள். அதை 'முற்றிலும் மருந்துக்குக் கட்டுப்படாத' காசநோய் என்று அழைப்பதை அரசு ஏற்க மறுத்தது. ஆனாலும் மாநகராட்சி விழித்துக்கொண்டது. ஒவ்வொரு வார்டும் தனிக் காசநோய் மாவட்டமாக்கப்பட்டு 24 ஆயின. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோய்க்கு அப்போது கனாமைசின் ஊசி ஆறு மாதத்துக்கு மேல் போட வேண்டியிருந்தது. உட்காதின் நுண்மயிர் செல்களை அது அழிக்கும். அழிந்தவை திரும்ப முளைக்காது. காதில் இரைச்சல் தொடங்கியதுமே கேட்கும் திறனைச் சோதித்து மருந்தை மாற்ற வேண்டும். அதற்கான கருவியும் ஆளும் எல்லா மையங்களிலும் இல்லை.

மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனுக்கு 2007இல், பதினேழு வயதில், குடல் காசநோய் வந்தது. குணமாகி, படித்து, பொருளாதார இதழாளரானார். 2013இல் நோய் திரும்பியது. அந்த ஆண்டின் இறுதியில், இருபத்து நான்கு வயதில், ஊசி மருந்தால் அவருக்குக் கேட்கும் திறன் பெருமளவு போய்விட்டது. பரதநாட்டியம் கற்றவர் அவர். பிறகு தாளத்தைக் காதால் கேட்காமலே மேடையேறி ஆடினார். காசநோய் மீண்டவர்கள் சேர்ந்து நடத்திய பிரசாரத்தில் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசினார். நடுத்தர வர்க்கத் தமிழ்க் குடும்பத்துப் பெண் பெயரைச் சொல்லி 'எனக்கு டிபி' என்பது, மாட்டுங்கா-செம்பூர் வட்டாரத்தில் கேட்டுப் பழகாத வாக்கியம். டிபி என்பது குடிசைவாசிகளின் நோய் என்றே அங்கே நம்பிக்கை.

கடல்கடந்து, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனை ஒட்டிய கயலிட்ஷாவில் இதே கதை இன்னும் கடுமையாக நடந்திருந்தது. கல்லூரி முதலாண்டு மாணவி பூமேஸா டிசிலேவுக்கு 2010இல் காசநோய் கண்டறியப்பட்டது. கனாமைசினால் கேட்கும் திறன் போனது. நோய் மிகத் தீவிரமான வகை என்று பிறகு தெரிந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் சிகிச்சையில் ஏறத்தாழ 20,000 மாத்திரைகள் விழுங்கி 2013இல் குணமானார். கயலிட்ஷா சாதாரண இடமல்ல. 1998இல் கேப் டவுனில் தொடங்கிய சிகிச்சை இயக்கம் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு மருந்தறிவு புகட்டியது இங்கேதான். மாத்திரையின் பெயர், அது கிருமியை என்ன செய்கிறது, ஏன் வேளை தவறக்கூடாது, ஏன் இவ்வளவு விலை என்பதையெல்லாம் பள்ளிப்படிப்பு முடிக்காதவரும் அடுத்தவருக்கு விளக்கும் அளவுக்குக் கற்றுத் தந்தார்கள். மருந்தின் விலை அரசியல் என்பது அந்த ஊரில் வளர்ந்த பெண்ணுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நந்திதாவும் பூமேஸாவும் சேர்ந்து கையிலெடுத்த கருவி இந்தியக் காப்புரிமைச் சட்டம். அதற்கும் ஒரு தமிழ்த் தொடர்பு உண்டு. நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டது. மருந்தைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும் காப்புரிமை, மருந்துக்கே காப்புரிமை இல்லை என்ற அதன் ஏற்பாட்டால்தான் மலிவு விலை மருந்துத் தொழில் வளர்ந்தது. உலக வர்த்தக அமைப்பின் விதிக்கேற்ப 2005இல் மருந்துக்கும் காப்புரிமை வந்தபோது, நாடாளுமன்றம் இரண்டு கதவுகளைத் திறந்து வைத்தது. பழைய மருந்தின் புதிய வடிவம் கூடுதல் பலன் தராவிட்டால் காப்புரிமை இல்லை என்றது பிரிவு 3(டி). காப்புரிமை வழங்கும் முன் எந்த நபரும் எதிர்ப்பு மனு தரலாம் என்றது பிரிவு 25(1). 'எந்த நபரும்' என்பதற்குள் நோயாளியும் அடங்குவார்.

முதலில் இந்தக் கதவைத் தட்டியவர்களில், 1969 முதல் மும்பையில் இயங்கும் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் ஒன்று. ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்கின் மேல் நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை அது எதிர்த்தது. மாதத்துக்கு 1,20,000 ரூபாய் விலையில் விற்ற மருந்து, இந்தியக் கம்பெனிகளிடம் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இதற்கிடையில் எச்.ஐ.வி. அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்பு மனுக்கள் போட்டுப் பழகிவிட்டன. மருந்தின் வேதியியல் பெயரைச் சொல்லி வாதாடும் நோயாளிகளை இந்தியாவில் அந்த அமைப்புகளே முதலில் உருவாக்கின. வழக்கறிஞர்கள் எழுதித் தந்ததில் வெறுமனே கையெழுத்துப் போட்டார்கள் என்று இதைச் சுருக்குவது நியாயமாகாது.

காசநோய்க்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த புதுவகை மருந்து பெடாக்குயிலின். ஜான்சன் அண்ட் ஜான்சன் தயாரித்த அதற்கு 2012 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. ஊசி வேண்டாம், காது போகாது. இந்தியாவில் 2016 மார்ச்சில் சில நகரங்களின் ஆறு மையங்களில் மட்டும், முதலில் 600 நோயாளிகளுக்கான மருந்தோடு அது வந்தது. பாட்னாவைச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண் ஒருவர் டெல்லி ஊர்க்காரர் இல்லை என்ற காரணத்தால் மருந்து கிடைக்காமல், அவருடைய தந்தை டெல்லி உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. நாட்டு எல்லையைவிட ஊர் எல்லை கடுமையாக இருந்த சமயம் அது.

பெடாக்குயிலினின் மூலச் சேர்மத்துக்கான காப்புரிமை 2023 ஜூலையில் முடிய வேண்டியிருந்தது. அதன் ஃபியூமரேட் உப்பு வடிவத்துக்குத் தனியாக இன்னொரு காப்புரிமை கேட்டு மும்பை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கிடந்தது. அது கிடைத்திருந்தால் தனியுரிமை 2027 வரை நீண்டிருக்கும். மருந்தை உடல் ஏற்க வசதியாக உப்பாக்குவது மருந்தியலில் வழக்கமான வேலை. அதைக் கண்டுபிடிப்பென்று சொல்ல முடியாது என்பது எதிர்ப்பின் சாரம். 2019 பிப்ரவரியில் நந்திதாவும் பூமேஸாவும், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் துணையோடு, எதிர்ப்பு மனுவைத் தாக்கல் செய்தார்கள். மகாராஷ்டிர எச்.ஐ.வி. தொற்றாளர் அமைப்பின் மனுவும் அதே விண்ணப்பத்துக்கு எதிராக இருந்தது. எச்.ஐ.வி. சங்கமும் காசநோயிலிருந்து மீண்ட இரண்டு இளம்பெண்களும் ஒரே கோப்பில் இடம்பெற்றார்கள். முலுண்டில் அறுபது ஆண்டுகளாக ஆலை நடத்திவந்த நிறுவனத்தோடு, அதே நகரத்து நோயாளி காகிதத்தில் மோதிய வழக்கு இது.

2023 மார்ச் 23 அன்று, உலகக் காசநோய் நாளுக்கு முந்தைய நாள், மும்பைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. ஜூலையில் மூலக் காப்புரிமை முடிந்ததும் மும்பையின் லூப்பின் போன்ற நிறுவனங்கள் இந்த மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஆறு மாத மருந்தின் விலை, சில ஆண்டுகளுக்கு முன் குறைந்த வருமான நாடுகளுக்கே 900 டாலராக இருந்தது. 2023 ஆகஸ்டில் உலக மருந்துக் கொள்முதல் அமைப்பு வாங்கிய விலை 130 டாலருக்கு இறங்கியது. செப்டம்பரில் ஜான்சன் அண்ட் ஜான்சன், 134 நாடுகளில் இந்த மருந்தின் மற்றக் காப்புரிமைகளைச் செயல்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தது. தென்னாப்பிரிக்காவில் வணிகப் போட்டி ஆணையம் விசாரணை தொடங்கி, 2024 ஜூலையில் விலையை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கும் உடன்பாட்டோடு முடித்தது. இந்த விலை இறக்கம் முழுவதையும் ஒரு மனுவின் கணக்கில் எழுத முடியாது. உலகெங்கும் அழுத்தம் இருந்தது, அரசுகளும் பேரம் பேசின. ஆனால் இந்தியாவில் இரண்டாம் காப்புரிமை கிடைத்திருந்தால் இங்குள்ள ஆலைகள் மலிவான மருந்தைத் தடையின்றிச் செய்ய முடிந்திருக்காது. 2023இல் டைம் இதழின் வளரும் தலைவர்கள் பட்டியலில் இருவர் பெயரும் சேர்ந்து வந்தன.

இவர்கள் யாரும் பயிற்சி முகாமில் உருவானவர்கள் அல்லர். பயிற்சி முகாம்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1999இல் சென்னையில் தொடங்கிய 'ரீச்' நிறுவனம், 2016 முதல் அமெரிக்க அரசின் உதவி நிதியோடு, பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலங்களில் காசநோயிலிருந்து மீண்டவர்களைத் திரட்டியது. நோயின் அடிப்படை, நோயாளியின் உரிமை, சொந்தக் கதையை எங்கே எவ்வளவு சொல்வது, அதிகாரியிடம் எப்படிப் பேசுவது என்பவை அங்கே பாடங்கள். பயின்றவர்கள் 'காசநோய் வாகையர்' ஆனார்கள். பீகாரில் 'டிபி முக்த் வாஹினி' போன்ற மாநில அமைப்புகள் பிறந்தன. தேசியத் திட்டமும் பிறகு இந்த முறையை எடுத்துக்கொண்டது. வாகையர் புதிய நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் பேசுகிறார், மாத்திரையைப் பாதியில் விடாமல் பார்த்துக்கொள்கிறார். தாராவியில் இந்தி சரியாக வராத தமிழ் மூதாட்டிக்கு, அதே சந்தில் டிபியிலிருந்து மீண்ட பெண் தமிழில் சொல்வதன் மதிப்பு எந்தச் சுவரொட்டிக்கும் வராது.

இருந்தாலும் ஒரு வேறுபாடு உண்டு. திட்டம் உருவாக்கும் தலைவர் திட்டத்துக்கு வேலை செய்கிறார். மாத்திரை இருப்பு தீர்ந்துபோனால் யாரைக் கேட்பது என்பது அவருக்குச் சங்கடமான கேள்வி, ஏனென்றால் அவருக்கு ஊக்கத்தொகை தருவதே அந்தத் திட்டம்தான். நந்திதாவும் பூமேஸாவும் கேட்டதைப் போன்ற கேள்விகள் வெளியிலிருந்துதான் வந்தன. நிதியும் நிலையற்றது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததும், பல நாடுகளில் காசநோய்ப் பணிகள் பாதியில் நின்றன. அந்த உதவி நிறுவனமே ஆண்டின் நடுவில் மூடப்பட்டது.

சட்டத்தின் கதவும் குறுகியிருக்கிறது. 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட காப்புரிமை விதிகளின்படி, வழங்கலுக்கு முந்தைய எதிர்ப்பு மனு ஏற்கத்தக்கதா என்பதை முதலில் அலுவலகமே தீர்மானிக்கும். ஏற்காவிட்டால் எதிர்த்தரப்புக்குக் கோப்பு போகாது. மனு போட முன்பு கட்டணம் இல்லை, இப்போது உண்டு. நோயாளர் அமைப்புகள் இதை எதிர்த்தன. அற்ப நோக்கத்தோடு வரும் மனுக்களை வடிகட்டவே இந்த மாற்றம் என்பது அதை ஆதரித்தவர்களின் பதில். புதிய காசநோய் மருந்துகள் வரிசையில் இருக்கின்றன. அவற்றின் விண்ணப்பங்களை எதிர்க்க வருபவர்கள் இந்த விதிகளின் கீழேதான் மனு தர வேண்டியிருக்கும்.